பூசி மெழுகிய முகங்கள்: பழைய எச்.எம்.டி. கடிகாரங்களும் விளம்பரச் சொற்களும்

பெங்களூரு சிக்பேட்டையை ஒட்டிய தெருக்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பழம்பொருள் சந்தையில் கைக்கடிகாரம் வாங்க வருபவர், விலை பேசுவதற்கு முன் அதைக் கையில் எடுக்கிறார். சாவி கொடுத்துப் பார்க்கிறார். காதருகே வைத்துக் கேட்கிறார். வெயிலில் சாய்த்து டயலை நோக்குகிறார். இணைய விளம்பரத்தைப் பார்த்து வாங்குபவருக்கு இவற்றுள் எதுவும் வாய்ப்பதில்லை. நான்கைந்து ஒளிப்படங்களும் சில சொற்களுமே அவருக்குக் கிடைக்கும் சான்றுகள். 'நன்றாக ஓடுகிறது', 'சர்வீஸ் செய்யப்பட்டது', 'புதியது போன்ற நிலை' ஆகிய மூன்று தொடர்களே இவ்விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆய்வு மாணவர் ஓர் ஆவணத்தைப் படிக்கும் ஐயத்தோடு இவற்றையும் படிக்க வேண்டியுள்ளது.

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம். இயந்திரக் கருவிகள் செய்துவந்த அந்நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு 1961இல் கைக்கடிகார உற்பத்தியில் இறங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன் முதலிய பெயர்கள் இரண்டு மூன்று தலைமுறைகளின் வாழ்க்கையோடு கலந்தவை. வேலை கிடைத்த மகனுக்கும் மணமேடை ஏறிய மருமகனுக்கும் எச்.எம்.டி. கடிகாரம் வாங்கித் தருவது வழக்கமாக இருந்தது. பின்னர் குவார்ட்ஸ் கடிகாரங்களின் போட்டியில் நிறுவனம் தளர்ந்தது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. அன்றைய ஆலைகளில் உருவான கடிகாரங்களின் எண்ணிக்கை இனிக் கூடப்போவதில்லை. குறைய மட்டுமே முடியும். அவற்றை விற்கும் விளம்பரங்களின் மொழி கவனத்துக்கு உரியதாவது இதனால்தான்.

முதல் தொடரான 'நன்றாக ஓடுகிறது' என்பதைக் காணலாம். ஓடுதல் வேறு, நேரம் காட்டுதல் வேறு. எண்ணெய் வறண்ட கடிகாரமும் ஓடும். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பின்தங்கியபடி ஓடும். சாவி கொடுத்த கையோடு எடுத்த காணொளியில் எந்தக் கடிகாரமும் நலமாகவே தோன்றும். முழுச் சாவிக்கு எத்தனை மணிநேரம் ஓடுகிறது, படுக்கவைத்தபோதும் நிமிர்த்தி வைத்தபோதும் நேரத்தில் எவ்வளவு வேறுபாடு, ஒரு நாளில் எத்தனை நொடி கூடுகிறது அல்லது குறைகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாதவரை அத்தொடர் ஒரு நம்பிக்கையை மட்டுமே தெரிவிக்கிறது.

இரண்டாவது, 'சர்வீஸ் செய்யப்பட்டது'. முறையான சர்வீஸ் என்பது உள்ளியந்திரத்தை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் தூய்மை செய்து, தேய்ந்ததை மாற்றி, உரிய இடங்களில் உரிய எண்ணெயை இட்டு, மீண்டும் கோத்து நேரம் திருத்துவது. பின்மூடியைத் திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும் சந்தையில் அதே பெயரால் வழங்குகிறது. யார் செய்தார், எப்போது செய்தார், எதை மாற்றினார் என்பவை இல்லாத சர்வீஸ், எழுவாய் இல்லாத வாக்கியம் போன்றது.

மூன்றாவது தொடரே மிகவும் சிக்கலானது. நாற்பது ஆண்டுகள் ஒருவரது மணிக்கட்டில் வியர்வையும் வெயிலும் பட்ட பொருள் புதியது போல இருக்குமானால், அதன் காரணத்தைக் கேட்பது இயல்பு. பெரும்பாலும் டயல் சுரண்டப்பட்டு மறுவண்ணம் பூசப்பட்டிருக்கும். இத்தகைய கடிகாரங்களைப் பன்னாட்டுச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலியாகக் குறிப்பிடுகிறார்கள். அடையாளங்கள் அறிந்த கண்ணுக்கு இவை மறைவதில்லை. எழுத்தின் விளிம்பில் மை கசிந்திருக்கும்; நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு நேர்கோட்டில் நில்லா; முள்களில் பூசிய ஒளிர்பொருள் பழுத்திருக்க, டயலில் உள்ளது பளிச்சென்றிருக்கும். பட்டை கோக்கும் கொம்புகளின் கூர்விளிம்பு மெருகேற்றி மெருகேற்றி மழுங்கியிருக்கும். ஒரு கடிகாரத்தின் டயலும் இன்னொன்றின் உள்ளியந்திரமும் மூன்றாவதன் பின்மூடியும் சேர்ந்து ஒரே பெயரில் விலைக்கு வருவதும் உண்டு.

பொருளியல் படிப்பவர்களுக்கு இந்நிலை பழக்கமானது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரை, பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டது. தரத்தை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் என்றால், வாங்குபவர் சராசரி விலையே தர முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுவார். மோசமானவையே சந்தையில் மிஞ்சும். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

கடிகாரச் சந்தை இதைவிட ஒரு படி மேலே செல்கிறது. மோட்டார் வண்டிச் சந்தையில் நல்லது விலகிப்போகிறது. இங்கே நல்லது கெட்டதாக மாற்றப்படுகிறது. பளபளப்புக்கு விலை கூடுதல் என்று கண்டவுடன், மங்கினாலும் மூலமான டயலை வைத்திருப்பவரும் அதை மறுவண்ணத்துக்கு அனுப்புகிறார். சுரண்டப்பட்ட பழைய அச்சு மீளாது. வாங்குபவர் இழப்பது பணம். அதைத் திரும்ப ஈட்டலாம். ஓர் ஆலையின் கைவேலைக்கு எஞ்சியிருந்த சான்று அழிவதை ஈடுசெய்ய வழியில்லை. எச்.எம்.டி. வெளியிடாத நிறங்களும் வடிவங்களும் அதன் பெயரைத் தாங்கிப் பெருகும்போது, நாளைய ஆய்வாளர் எதை ஆலையின் பொருளாகக் கொள்வது?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அது புறந்தள்ளத் தக்கதன்று. கடிகாரம் கட்டிக்கொள்வதற்கே; அருங்காட்சியகப் பெட்டியில் வைப்பதற்கு அன்று. தந்தையின் ஜனதாவை மகன் கட்டிக்கொள்ள விரும்பினால், எண் தெரியாத டயலைப் புதுப்பிப்பதில் என்ன தவறு? பேட்டைச் சிறுகடைகளில் கண்ணில் உருப்பெருக்கி மாட்டிப் பழைய இயந்திரங்களுக்கு உயிர்கொடுப்பவர்களின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவதா? இரண்டு கேள்விகளுமே நியாயமானவை. பழுதுபார்ப்பதும் புதுப்பிப்பதும் குற்றமல்ல. செய்ததைச் சொல்லாமல் விடுவதே குற்றம். மறுவண்ணம் பூசியது என்று அறிவித்து விற்கப்படும் கடிகாரம் நேர்மையான பொருள். அதே கடிகாரம் 'புதியது போன்ற நிலை' என்று விற்கப்படும்போது பூசி மெழுகுதல் டயலோடு நிற்காமல் மொழிக்கும் பரவிவிடுகிறது.

தமிழ்ப் பதிப்பு மரபில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டில் சிதைந்த அடிகளைத் தம் புலமையால் நிரப்பி முழுமைபோலக் காட்டவில்லை. சிதைவு சிதைவாகவே பதிப்பில் நின்றது. அந்நேர்மையால்தான் அப்பதிப்பின் எஞ்சிய அடிகளை நம்ப முடிகிறது. விளம்பரத்துக்கும் இவ்விதி பொருந்தும். 'கண்ணாடி மாற்றப்பட்டது, சாவிக் குமிழ் மூலமானதன்று, டயலில் ஆறு மணிக்கருகே கறை உள்ளது' என்று குறை சொல்லும் விற்பனையாளரின் பிற கூற்றுகளையே வாங்குபவர் நம்பலாம்.

ஆகவே வாங்குபவர் ஒன்று செய்யலாம். பின்மூடியைத் திறந்து எடுத்த படம், வெயிலில் சாய்த்து எடுத்த டயலின் படம், ஒரு நாள் ஓட்டத்தின் நேரக் கணக்கு ஆகிய மூன்றையும் கேட்கலாம். நல்ல கடிகாரம் வைத்திருப்பவருக்கு இவற்றைத் தருவது சில நிமிட வேலை. மறைக்க ஏதேனும் வைத்திருப்பவருக்கு அவையே பெருஞ்சுமை. மறுக்கப்படும் படமும் ஒரு தகவல்தான்.

அதைவிட அடிப்படையானது கண்ணின் பழக்கம். மங்கிய டயலையும் கீறல் விழுந்த கண்ணாடியையும் குறையாக மட்டுமே காணும் கண், அவற்றைச் சுரண்டி எறியும் கைக்குக் கூலி கொடுக்கிறது. மணிக்கட்டில் தேய்ந்த ஜனதாவுக்கு அதன் தேய்மானமே வரலாறு. அந்தத் தேய்மானத்துக்கு விலை கொடுக்கத் தெரிந்தவர்கள் பெருகினால், விளம்பரங்கள் தாமாகவே உண்மை பேசத் தொடங்கும்.