மெட்டைத் தொடாத புதுமை
பழைய கிறிஸ்துமஸ் கீதங்களை ஜாஸ் பாணியில் பாடினால் பக்தி கெட்டுவிடும் என்போர், ‘தி சிங்கர்ஸ் அன்லிமிடெட்’ குழு 1972-இல் வெளியிட்ட ‘கிறிஸ்துமஸ்’ இசைத்தட்டை ஒருமுறை கேட்க வேண்டும். வாத்தியம் எதுவும் கிடையாது. பாடியவர்கள் நான்கே பேர். ஜெர்மனியின் ஃபில்லிங்கன் ஒலிப்பதிவுக் கூடத்தில் தங்கள் குரல்களையே அடுக்கடுக்காகப் பதிவு செய்து பெரும் பாடகர் குழுவாக ஒலித்தார்கள். குரலமைப்பு ஜீன் பியூர்லிங். அவர் மெட்டைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, அதன் அடியில் நகரும் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, மாற்றுகிறார். தேவாலயத்தில் மூன்று சுரங்களோடு நிற்கும் கார்டில் ஏழாவதும் ஒன்பதாவதும் வந்து சேர்கின்றன. அரைச்சுர இடைவெளியில் இரு குரல்கள் உரசும்போது நெஞ்சு பதறுகிறது, அடுத்த கார்டில் ஆறுகிறது. கேட்டுக் கேட்டுத் தேய்ந்த மெட்டு மறுபடி உயிர்பெறுகிறது. இதில் அவமரியாதை எங்கே? லூத்தரன் சபைப் பாடல்களின் பழைய மெட்டுகளுக்கு அடியில் தம் காலத்தின் துணிச்சலான ஒத்திசையை வைத்தவர்தானே பாக்! சபைப் பாடகர் குழுக்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: இந்த டிசம்பரில் ஒரே ஒரு கீதத்தையாவது இந்த முறையில் பாடவையுங்கள். நெருக்கமான சுரங்களில் சுருதி பிசகாமல் நிற்பது கடினம். ஒத்திகையைச் சில வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள்.