கல்லுக்கு ருசி உண்டா? ஒயின் கிளாஸில் தொடங்கி ஆயா வீட்டுக் குடத்தில் முடிந்த கதை!

"கண்ணை மூடிக்கோங்க மேடம். மழை பெஞ்சு நனைஞ்ச பாறை பக்கத்துல நின்னா ஒரு வாசனை வருமே... அது தெரியுதா?"

நந்தி மலை அடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். வார இறுதிச் சுற்றுலா பற்றி வீடியோ எடுக்க நானும் எங்கள் கேமராமேன் அண்ணாவும் போயிருந்தோம். தோட்டத்தைச் சுற்றிக் காட்டியவர், கண்ணாடிக் கிளாஸில் ஒரு வாய் அளவுக்கு வெள்ளை ஒயினை ஊற்றிக் கொடுத்துவிட்டு அப்படிக் கேட்டார். வாயில் வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம். அதற்கென்றே பக்கத்தில் ஒரு பாத்திரம் இருக்கும். நானும் துப்பிவிட்டேன். (அம்மா இந்தப் பகுதியை வாரம் தவறாமல் படிப்பார். அதனால் இந்த வரியை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.)

முதலில் புளிப்பு. பிறகு நாக்கின் ஓரத்தில் லேசாக உப்பு மாதிரி ஒன்று.

"அதுதான் மேடம் மினரல். இங்கே அடியில எல்லாம் பாறை. வேர் ஆழமாப் போய், அந்தக் கல்லோட ருசியை உறிஞ்சிக்கிட்டு வருது" என்றார் பெருமையாக.

எனக்குச் சட்டென்று ஆயா ஞாபகம் வந்தது. தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். ஒரு வாய் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இது கோயில் கெணத்துத் தண்ணி", "இது மேட்டுத் தெரு போர் தண்ணி" என்று ஆயா சொல்லிவிடுவார். எங்கள் ஊரில் கல்லை ருசி பார்க்க ஒயின் தேவையில்லை. சொம்புத் தண்ணீர் போதும்.

வீடியோ வேலை முடிந்தது. ஆனால், கேள்வி என்னை விடவில்லை. கல்லுக்கு நிஜமாகவே ருசி உண்டா?

சிப்பி, பலகைக்கல்... கதைகள் ருசியானவை!

ஒயின் உலகத்தில் இது ரொம்பப் பிரபலமான நம்பிக்கை. பிரான்ஸின் ஷாப்ளி பகுதியில் சுண்ணாம்பு மண். அந்த மண்ணுக்குள் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடக்கின்றன. 'அதனால்தான் ஷாப்ளி ஒயினில் கடல் வாசம்' என்பார்கள் ரசிகர்கள். ஜெர்மனியின் மோசல் ஆற்றுச் சரிவுகளில் சிலேட்டுப் பாறை. அங்கே விளையும் திராட்சையின் ஒயினில் சிலேட்டை நக்கிய ருசி வரும் என்பார்கள். சின்ன வயதில் பல்பம் தின்றவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை.

ஆனால், புவியியல் அறிஞர்கள் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வதில்லை. வேல்ஸ் நாட்டின் ஏபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அலெக்ஸ் மால்ட்மன், இதைப் பற்றியே 2018-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது: பாறை எச்சிலில் கரையாது, கரையாத பொருளுக்கு ருசி கிடையாது. வேர், கல்லை உறிஞ்சுவதில்லை. தண்ணீரில் கரைந்த பொட்டாசியம், கால்சியம் போன்ற சத்துகளைத்தான் எடுக்கிறது. அப்படி எடுத்ததில் ஒயின் வரை வந்து சேரும் அளவு, பெரும்பாலும் நாக்குக்கு எட்டாத அளவு.

அப்படியானால் அந்த 'நனைந்த பாறை' வாசனை? அது பாறையின் வாசனையே அல்ல. கல்லின் மேலும் மண்ணிலும் படிந்திருக்கும் தாவர எண்ணெய்களும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் பொருள்களும், மழை பட்டதும் காற்றில் கலப்பதுதான் மண்வாசனை. 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இரண்டு பேர் இதற்கு 'பெட்ரிகோர்' என்று பெயரே வைத்தார்கள். ஒயினில் நாம் 'கல்' என்று நினைப்பது, திராட்சையின் புளிப்பும் நொதிக்கும்போது உருவாகும் சில கந்தகச் சேர்மங்களும் சேர்ந்து செய்யும் வேலையாக இருக்கலாம் என்கிறார்கள்.

அதற்காகப் பாறை நிலம் சும்மா இருக்கிறது என்று அர்த்தமில்லை. அங்கே தண்ணீர் தேங்காது. கொடி கொஞ்சம் தாகத்தோடு வளரும்; பழம் சிறுத்து, சாறு அடர்த்தியாகும். மோசலின் சிலேட்டு, பகல் வெயிலைப் பிடித்து வைத்து ராத்திரியில் சூடு கொடுக்கும். கல் வேலை செய்கிறது. ஆனால், அது நாக்கில் தெரிகிற வேலை அல்ல.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊருக்குப் போகிறோம்.

மூன்று டம்ளர் தேர்வு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். ஒயின் தோட்டத்தில் பார்த்ததை அப்படியே ஆயா வீட்டுத் திண்ணையில் நடத்திப் பார்க்க ஆசை. மூன்று எவர்சில்வர் டம்ளர். ஒன்றில் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர். ஒன்றில் கொல்லைப்புறத்து போர் தண்ணீர். ஒன்றில் பெரியப்பா தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர். எது எதுவென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"என்னாத்துக்குடி இந்த வேலை உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஆயா முதல் டம்ளரை எடுத்தார்.

"இது கொழாத் தண்ணி. சப்புனு இருக்கு. மருந்து வாசம் வேற."

இரண்டாவது. "இது தோட்டத்துக் கெணறு. கடுத்துக் கெடக்கு. இதுல பருப்பு போட்டா பொழுதுக்கும் வேகாது."

மூன்றாவதைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. "இது நம்ம போர். இதான் தண்ணி. பருப்பு பூவாட்டம் வேகும், களி கிண்டினா மணக்கும்."

மூன்றும் சரி. ஒயின் தோட்டத்துக்காரர் பார்த்திருந்தால் ஆயாவை வேலைக்கே எடுத்திருப்பார்.

ஆயாவின் நாக்கு சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. 'மருந்து வாசம்' என்பது கிருமி சாக சேர்க்கும் குளோரின். 'கடுத்த தண்ணீர்' என்பது கால்சியமும் மக்னீசியமும் அதிகம் கரைந்த தண்ணீர். அவை பருப்பின் செல் சுவரில் இருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுவதால் பருப்பு சீக்கிரம் வேகாது. ஒயினில் நடக்காதது இங்கே நிஜமாக நடக்கிறது. தண்ணீரில் பாறையின் உப்புகள் நாக்குக்குத் தெரியும் அளவுக்கே கரைகின்றன.

ஆனால், நாக்குக்குத் தெரியாத ஒன்றும் கூடவே கரைகிறது.

நான் ஏன் வாய் மூடிச் சிரித்தேன்?

பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பேன். என் பக்கத்தில் நிற்பவளும் அப்படித்தான். முன் பற்களில் பழுப்புக் கோடுகள். சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். விளம்பரத்தில் வந்த பேஸ்ட்டெல்லாம் வாங்கினேன். போகவில்லை. கல்லூரி விடுதியில் ஒருத்தி, "நீ பல்லே தேய்க்க மாட்டியா?" என்று கேட்டாள். அதன் பிறகு ஒரு வருடம் நான் கையை வைத்து மறைத்துக்கொண்டுதான் சிரித்தேன்.

அது அழுக்கு அல்ல. ஃபுளோரைடு. பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயது வரை, அளவுக்கு மீறிய ஃபுளோரைடு உடம்பில் சேர்ந்தால் எனாமல் சரியாக உருவாகாது. முதலில் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளைத் திட்டுகள். அதிகமானால் மஞ்சள், பழுப்பு. கறை பல்லுக்கு மேலே இல்லை, பல்லிலேயே இருக்கிறது. தேய்த்தால் எப்படிப் போகும்?

பல்லோடு நின்றால் பரவாயில்லை. அதிக ஃபுளோரைடு உள்ள தண்ணீரைப் பல வருடங்கள் குடித்தால் எலும்பிலும் சேரும். மூட்டு வலி, இறுகிய முதுகு, திருப்ப முடியாத கழுத்து. 'வயசானா வர்ற வலிதானே' என்று விட்டுவிடுவோம். இந்தியாவில் மனிதர்களிடம் இந்தப் பாதிப்பு மருத்துவ ஆய்வாகப் பதிவானது 1937-ல். இடம், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதி.

இது தண்ணீருக்குள் எப்படி வருகிறது? தருமபுரிக்கு அடியில் இருப்பதும் நந்தி மலையைப் போலவே சுமார் 250 கோடி ஆண்டுகள் பழைமையான கிரானைட், நைஸ் வகைப் பாறைகள். அவற்றில் இருக்கும் பயோட்டைட், அபட்டைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் எவ்வளவு காலம் தங்குகிறதோ, அவ்வளவு கரைக்கும். மழை குறைந்து, போர் ஆழமாகப் போகப் போக, நாம் மேலே எடுப்பது பாறையோடு நெடுநாள் பழகிய தண்ணீர். 'வேர் ஆழமாப் போகுது' என்று அவர் பெருமையாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஊரில் ஆழமாகப் போவது போர் குழாய்.

இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதற்குக் கொஞ்சம் மேலே போனாலும் நாக்கு கண்டுபிடிக்காது. நிறம் இல்லை, வாசனையும் இல்லை.

இதைவிட ஒரு வேடிக்கை. கால்சியம் அதிகம் இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும். அதனால், கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் பொதுவாக ஃபுளோரைடு அதிகமாகக் கரைந்து நிற்க முடியும். அதாவது, பருப்பு பூப்போல வேகிற தண்ணீரில்! எல்லாக் கிணற்றுக்கும் இதைச் சட்டமாகச் சொல்ல முடியாது. கடுத்த தண்ணீரிலும் ஃபுளோரைடு இருக்கும் இடங்கள் உண்டு. 'ருசியா இருக்கு, அதனால நல்ல தண்ணி' என்பது மட்டும் எந்தக் கிணற்றுக்கும் சான்றிதழ் ஆகாது.

டம்ளர் சொன்னது ஒன்று, அட்டை சொன்னது ஒன்று

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தண்ணீர் பரிசோதனைப் பெட்டி வழங்குகிறார்கள். எங்கள் தெருவில் மகளிர் குழு அக்கா ஒருவரிடம் அது இருக்கிறது. மூன்று டம்ளரையும் தூக்கிக்கொண்டு போனேன். தண்ணீரில் மருந்துச் சொட்டுகளை விட்டு, மாறும் நிறத்தை அட்டையில் இருக்கும் நிறங்களோடு ஒப்பிட வேண்டும்.

குழாய்த் தண்ணீர், பாதுகாப்பான கட்டத்தில். தோட்டத்துக் கிணறு, எல்லைக்குப் பக்கத்தில். ஆயாவின் செல்ல போர், 1.5-ஐத் தாண்டிய கட்டத்தில்.

"இதை வெச்சு முடிவு பண்ணிடாத. லேப்ல கொடுத்தாத்தான் சரியான அளவு தெரியும். ஆனா, சின்னப் பையன் இருக்குற வீடு... இன்னிக்கே மாத்திடுங்க" என்றார் அக்கா.

என் அண்ணன் மகனுக்கு இரண்டு வயது. பகலெல்லாம் ஆயாவிடம்தான் இருக்கிறான். ஆயாவின் போர் தண்ணீரில் கரைத்த கூழ்தான் அவனுக்கு இஷ்டம்.

காவிரி வந்த பிறகு...

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் தணிப்பு' உண்டு. 2008-ல் அடிக்கல், 2013-ல் திறப்பு. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் செலவு. ஓடுகிற ஆற்று நீர், பாறைக்குள் நெடுங்காலம் தங்குவதில்லை. அதனால் அதில் ஃபுளோரைடு குறைவு.

என் சித்தி மகள் 2014-ல் பிறந்தவள். பிறந்ததிலிருந்து குழாய்த் தண்ணீர்தான். எங்கள் வீட்டு போட்டோக்களில் வாயைத் திறந்து சிரிக்கும் முதல் பெண் அவள்தான்.

ஆனால், தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டது என்பதற்காக எல்லார் குடத்துக்கும் வந்துவிடுவதில்லை. துணி துவைக்கவும் மாட்டுக்கும் குழாய்த் தண்ணீர், குடிக்க மட்டும் பழைய போர் என்று தலைகீழாக வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. காரணம், ருசி. நாற்பது வருடம் பழகிய நாக்கு.

நீங்கள் என்ன செய்யலாம்?

போர் தண்ணீர் குடிக்கும் வீடு என்றால், எந்த மாவட்டமாக இருந்தாலும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டு முடிவை வைத்து உங்கள் போரை எடைபோடாதீர்கள். நூறு அடி தள்ளினாலே பாறை இடுக்கு மாறும், அளவும் மாறும்.

காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வடிகட்டி ஃபுளோரைடைப் பெருமளவு நீக்கும். வேறு வழியில்லாத வீடுகளுக்கு அது உதவும்.

குடிப்பதற்கு மட்டும் மாற்றினால் போதாது. சோறு, களி, குழம்பு எல்லாவற்றிலும் அந்தத் தண்ணீர்தான் சேர்கிறது. டீத்தூளிலும் இயற்கையாகவே ஃபுளோரைடு உண்டு என்பதால், அதிக ஃபுளோரைடு தண்ணீரில் போடும் டீ இரட்டைச் சுமை. பால், கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய் என்று கால்சியமும் வைட்டமின் சி-யும் உள்ள சாப்பாடு பாதிப்பைக் குறைக்க உதவும். முதல் கவனம், எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு.

அட்டையை ஆயாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்போ உன் பல்லு... நான் குடுத்த தண்ணியாலயா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. "உனக்கு எப்படி ஆயா தெரியும்... நாக்குல தெரியாதே" என்று மட்டும் சொன்னேன்.

அன்று ராத்திரி மண் பானையைக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பி, மேலே மெல்லிய துணி கட்டி வைத்தோம். இரவு முழுக்க அப்படி இருந்தால் குளோரின் வாசனை பெருமளவு போய்விடும். காலையில் பேரனுக்கு அந்தத் தண்ணீரில் கூழ் கரைத்துக் கொடுத்துவிட்டு, ஆயா தானும் அரை டம்ளர் குடித்தார்.

"எப்படி ஆயா?"

"சப்புனுதான் இருக்கு" என்றார். பிறகு டம்ளரை முழுசாக நிரப்பிக்கொண்டார்.