பேணிச் சூப்பும் தனி வயிறும்

தகரப் பேணியில் அடைத்து வரும் சூப்பில் ஒருவருக்கு எவ்வளவு போதும்? இவ்வினாவை வாரமலரிலே எழுப்பினால் வாசகர் சிலர் நகைக்கக்கூடும். கவிதையும் கதையும் பேச வேண்டிய இடத்தில் அடுக்களைக் கணக்கு எதற்கு என்று கேட்பாரும் உளர். 'மருந்து' என்று பெயரிட்ட அதிகாரத்திலே மூலிகைகளை விதந்து கூறாது, அளவறிந்து உண்பதையே பெரிதும் வற்புறுத்தினார் வள்ளுவர். அவர் நாணாத பொருளுக்கு நாம் நாண வேண்டியதில்லை.

நான் எடுத்துக்கொள்வது அமெரிக்க நாட்டுப் பேணியை. பேணிச் சூப்பைப் பெருவழக்காக்கிய நாடு அது. அங்கே கம்பெல் நிறுவனத்தார் விற்கும் கோழி நூடில்ஸ் சூப்பை அறியாத கடை இல்லை. கைக்கடக்கமான பேணி, உள்ளே 305 கிராம். சூப்பைச் சுண்டக் காய்ச்சியது போலக் கெட்டியாக அடைத்திருக்கிறார்கள். வாங்குபவர் அதே பேணியால் ஒரு பேணி தண்ணீர் அளந்து ஊற்றிச் சூடாக்க வேண்டும். நம் வீடுகளில் வெறும் பாற்பேணி அரிசி அளக்கும் கருவியானது போல, அங்கே சூப்புப் பேணி தண்ணீருக்கு அளவாகிறது.

பேணியைச் சுற்றி ஒட்டிய தாளைப் படித்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு பங்கு என்பது அரைக் கோப்பை என்றும், பேணியில் ஏறத்தாழ இரண்டரைப் பங்கு உண்டு என்றும் அது கூறுகின்றது. அந்த அரைக் கோப்பையோ தண்ணீர் சேர்க்காத கெட்டிச் சூப்பு. அப்படியே எவரும் அதனை உண்பதில்லை. சம அளவு நீர் சேர்ந்தபின் அது ஒரு கோப்பையாகும். ஆக, ஒரு பேணி இரண்டரைக் கோப்பையாகிறது. இருவர் உண்டெழுந்தபின் எஞ்சும் அரைப் பங்குக்கு உரியவர் யாவர்? கணவனும் மனைவியும் பாற்பல் விழாத ஒரு பிள்ளையும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒருவாறு ஒத்துவரும். தனியறையிலே வாழ்பவருக்கோ அக்கணக்கு உதவாது.

இப்பேணி தனியாளுக்கென்று பிறந்ததன்று. 1897ஆம் ஆண்டில் நியூ ஜேர்சியைச் சேர்ந்த கம்டன் நகரிலே, ஜோன் டொறன்ஸ் என்னும் இளம் இரசாயனவியலாளர் இதனை ஆக்கினார். ஜேர்மனியிலுள்ள கேட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், வாரம் ஏழரை டொலர் ஊதியத்துக்கு அந்நிறுவனத்தில் சேர்ந்தவர். அக்காலச் சூப்புப் பேணிகள் பெரியவை. அவற்றின் பாரத்தில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். தண்ணீரைப் புகைவண்டியில் ஏற்றிக் கூலி கொடுப்பானேன் என்று கருதிய அவர் அதனை நீக்கினார். பேணி சிறுத்தது, விலை பத்துச் சதத்துக்கு இறங்கியது. அக்கால மேலைநாட்டுக் குடும்ப மேசையிலே சூப்பு ஒரு முன்னுணவே. அதன்பின் இறைச்சியும் கிழங்கும் காய்கறியும் வரும். அத்தகைய மேசையில் ஆளுக்கொரு கோப்பை போதுமானது மட்டுமன்று, நியாயமானதுமாகும்.

மேசை மாறிவிட்டது. 1940ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அமெரிக்க வீடுகளுள் நூற்றுக்கு 8க்கும் குறைவானவற்றிலேயே ஒருவர் தனியாக வாழ்ந்தார். 2020இல் அது நூற்றுக்கு 27ஐத் தாண்டியது. முன்னுணவாயிருந்த சூப்பு அவர்களுட் பலருக்கு முழு உணவாயிற்று; பேணியோ பெரிதும் மாறவில்லை. அன்டி வோர்ஹோல் என்னும் ஓவியர் 1962இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே இச்சூப்புப் பேணிகளை 32 படங்களாகத் தீட்டி வைத்தார். இருபது ஆண்டுகளாகத் தம் மதிய உணவு அச்சூப்பே என்றும் அவர் சொன்னதுண்டு. அப்படங்களின் பொருளைப் பற்றி ஏடுகள் பல எழுதப்பட்டன. ஒரு மதியத்துக்கு அவர் பாதிப் பேணி உண்டாரா முழுப் பேணி உண்டாரா என்ற ஆராய்ச்சி எதுவும் என் கண்ணிற் படவில்லை.

சுற்றுத்தாளிலே பங்கென்று அச்சிட்டிருப்பது, நீ உண்ண வேண்டிய அளவு இது என்னும் வைத்திய அறிவுரை என்றே பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. 1990இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம், மக்கள் வழக்கமாக உண்ணும் அளவே பங்கு என்று வரையறுத்தது. உண்ணத்தகும் அளவு வேறு, உண்ணப்படும் அளவு வேறு. சூப்புக்கு அவ்வளவு 245 கிராம், அதாவது ஒரு கோப்பை. 2016இல் விதிகளைத் திருத்தியபோது ஐஸ்கிறீமின் பங்கை அரைக் கோப்பையிலிருந்து மூன்றிலிரண்டு கோப்பையாக உயர்த்தினர். ஐஸ்கிறீம் உடலுக்கு நன்றென்று புதிதாகக் கண்டதனால் அன்று. மக்கள் மிகுதியாக உண்ணத் தொடங்கியதனால். சூப்பின் பங்கு உயரவில்லை. ஆயினும் இத்தகைய பேணிகளிலே பங்குக்கொரு நிரலும் முழுப் பேணிக்கொரு நிரலுமாக இரண்டு கணக்குகளையும் அச்சிடவேண்டும் என்று விதித்தனர். பெரிய நிறுவனங்களுக்கு 2020ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து இது கட்டாயமாயிற்று. முழுப் பேணியையும் ஒருவரே உண்கிறார் என்ற உண்மையை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம் இவ்விரண்டாம் நிரல். எனக்கு உவப்பான சீர்திருத்தங்களுள் இதுவும் ஒன்று.

அவ்விரண்டாம் நிரலைச் சற்றே பொறுமையுடன் வாசிப்போம். கோழி நூடில்ஸ் சூப்பில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 60 கலோரி. முழுப் பேணிக்கு 150. இரண்டு துண்டுப் பாண் தரும் சக்திக்கு அது மேற்படாது. புரதமோ பேணி முழுவதிலும் ஏழெட்டுக் கிராம்தான். உழைத்துக் களைத்து வந்த ஒருவருக்கு இது ஒரு வேளை உணவாகுமா? இனி உப்பைப் பார்ப்போம். ஒரு பங்கில் சோடியம் ஏறத்தாழ 890 மில்லிகிராம். முழுப் பேணியில் 2200 மில்லிகிராமுக்கு மேல். உப்பாகக் கணக்கிட்டால் ஐந்தரைக் கிராம். வளர்ந்த ஒருவர் நாள் முழுவதிலும் கொள்ளும் உப்பு ஐந்து கிராமுக்குக் குறைவாயிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

பசியைக் கேட்டால் ஒரு பேணி போதாது. இரத்த அழுத்தத்தைக் கேட்டால் ஒரு பேணி மிகை. ஒரே பொருள் ஒரே வேளையிற் குறைவாகவும் மிகையாகவும் இருக்கும் விந்தை இது. கோப்பை, அரைக் கோப்பை என்று பருமனை மட்டும் அளந்துகொண்டிருக்கும்வரை இவ்வினாவுக்கு விடை கிடையாது என்பது என் துணிபு.

அளவு குறைவென்பதை வயிறு உணர்த்தாதா என்று கேட்கலாம். உணர்த்தாது, அதுவே எனக்கு அச்சந் தருவது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்விலே, மதிய உணவுக்கு முன் சூப்பருந்தியவர்கள், சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டபோதும், மொத்தத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 20 குறைவான கலோரிகளையே உட்கொண்டனர். உடல் இளைக்க விரும்புவோருக்கு இது நற்செய்தி. தனித்து வாழும் மூதாட்டி ஒருவரை நினைத்துப் பாருங்கள். பசி அவருக்கு முன்னமே மந்தம். சமைக்கக் கை ஓடாது. ஒரு பேணியைத் திறந்து சூடாக்கிக் குடித்துவிட்டு வயிறு நிறைந்தது என்று படுக்கைக்குச் செல்கிறார். நிறைந்தது தண்ணீரும் உப்பும். உடலைத் தாங்கும் புரதம் எங்கே? இத்தகையோருக்கு, குறைத்து உண்ணுங்கள் என்ற பொதுவுரை தீங்கே செய்யும்.

உப்பின்றிப் பேணிச் சூப்பு சுவைக்காது என்று உற்பத்தியாளர் சிலர் முறையிடுவர். பிரித்தானியாவின் அனுபவம் அதனை மறுக்கிறது. அங்கே 2006இல் உணவுத் தர முகவரகம் உணவு வகைகளுக்கு உப்பு இலக்குகளை வகுத்து, பின்னர் அவற்றைப் படிப்படியாக இறுக்கியது. நாக்கும் மெல்லமெல்லப் பழகிக்கொண்டது. அந்நாட்டுக் கடைகளில் விற்கும் 400 கிராம் தக்காளிச் சூப்புப் பேணி நீர் சேர்க்காமல் உண்பதற்கானது. பாதிப் பேணியே ஒரு பங்கு என்று அதன் தாளும் கூறும். முழுவதையும் உண்டாலும், நாளொன்றுக்கு ஆறு கிராம் என அந்நாட்டார் விதித்த எல்லையிற் பாதிக்கும் குறைவான உப்பே சேரும். அமெரிக்காவிலும் உப்புக் குறைத்த வகைகள் கிடைக்கின்றன. தேடி எடுப்பார்தாம் சிலர்.

நானும் சில காலம் அயல்நாட்டுத் தனியறையில் ஓர் அடுப்பும் ஒரு சட்டியுமாக வாழ்ந்தவன். ஆதலின் என் தீர்ப்பு இது. வேறு உணவு பின்தொடருமாயின் ஒரு கோப்பையே பங்கு. சுற்றுத்தாள் சொல்வது அங்கே பொருந்தும். சூப்பே உணவாகும் நாளிலோ அந்த இரண்டரைக் கணக்கை மறந்துவிட்டுப் பேணியை இரண்டாகப் பகிர்க. பாதிப் பேணி சூப்புக்குப் பாதிப் பேணி தண்ணீர். ஒன்றேகால் கோப்பை வரும். உப்பு மூன்று கிராமுக்குள் அடங்கும். குறையும் உணவை உப்பிடாத துணை கொண்டு நிரப்புக. நாம் சோற்றை உப்பின்றி வடித்து உப்பைக் கறியில் வைப்பவர்கள் அல்லவா? அம்முறையே இங்கும் உதவுகிறது. சூப்பைக் குடிநீராகக் கருதாது ஒரு கறியாகக் கருதி, வெறுஞ்சோற்றையோ அவித்த உருளைக்கிழங்கையோ அதிலிட்டு, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் அது ஓர் ஆளுக்குரிய உணவாகும். முட்டை உண்ணாதவர் காய்கறிச் சூப்பை வாங்கி, அவித்த பருப்பைச் சேர்க்கலாம். வெள்ளைக்காரர் கண்டால் முகஞ்சுளிக்கக்கூடும், உண்பவர் நாம்.

மற்றைப் பாதியைத் திறந்த பேணியிலேயே விட்டுவைத்தல் ஆகாது. தகரத்தின் வாடை உணவில் ஏறும். தண்ணீர் சேர்க்காமலே கண்ணாடிப் போத்தலில் ஊற்றி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுநாளே எடுத்து மீண்டும் முட்டையும் சோறும் சேர்ப்பது கடினமன்று. கடினமானது, அந்தப் பாதியை முதல் இரவிலேயே உண்டுவிடாமல் மூடியைத் திருகுவது.