வாய் திறக்காத பிள்ளை

கங்காணியின் கொடுமையை அக்காலத் தோட்டத் தொழிலாளி ஏன் வெளியே சொல்லவில்லை? சொன்னால் கொடுமை இரட்டிப்பாகும் என்ற அச்சம். கேட்பாரில்லை என்ற எண்ணம். இன்று சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பகடிவதைக்கு ஆளாகும் பிள்ளையும் அதே அச்சத்தால்தான் வாய் திறப்பதில்லை. "நீ என்ன செய்தாய்?" என்று நாமும் அதட்டினால், சொல்ல வந்த வாயும் அடைபடும்.

பெற்றோரே! திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி, கிழிந்த புத்தகம், காசு கொடுத்தனுப்பியும் பசியோடு வீடு திரும்புதல், கைப்பேசி ஒலித்தாலே முகம் வாடுதல் ஆகியவை பிள்ளை சொல்லாமல் சொல்லும் புகார்களாக இருக்கலாம். அருகில் அமர்ந்து பொறுமையாகக் கேளுங்கள். ஆசிரியரைக் கண்டு பேசுங்கள். 1952இல் தோன்றிய சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக 1984 முதல் 'டிங்கிள் ஃபிரண்ட்' தொலைபேசி உதவியை நடத்திவருகிறது. அதையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

தொழிலாளிக்குச் சங்கம் துணை. பிள்ளைக்குப் பெற்றோரே முதற் சங்கம்!