வழிப்போக்கர் கற்பிக்கும் ஆங்கிலம்

உலகைச் சுற்றிப் பார்க்கப் புறப்படும் மேலைநாட்டு இளைஞர்க்கு இன்று ஆங்கிலம் கைச்செலவுக்கு உதவும் பொருளாகிவிட்டது. தாய்லாந்தில் ஒரு தவணை, வியட்நாமில் ஒரு தவணை, நேபாளத்தில் சில வாரம் எனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபடியே ஊர்களைக் கண்டு செல்வோர் பலர். ஊதியம் பெற்றுக் கற்பிப்போரும் உளர். இடைத்தரகு நிறுவனங்களுக்குத் தாமே பணம் கட்டித் ‘தொண்டு’ செய்ய வருவோரும் உளர். இலங்கையின் ஊவா மலைகளும் இப்பயண வழியிலேயே உள்ளன. பதுளை செல்லும் புகைவண்டி, எல்ல, தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம், அப்புத்தளைக்கு அணித்தான லிப்டன் இருக்கை, கொஸ்லந்தைக்கு அணித்தான தியலும நீர்வீழ்ச்சி என்பன அவர்கள் தேடிவரும் காட்சிகள். இக்காட்சிகளுக்கு நடுவே தோட்டப் பாடசாலைகளும் இருக்கின்றன. அத்தகைய பாடசாலைகளில் இரண்டு வாரமோ நான்கு வாரமோ ஆங்கிலம் கற்பித்துச் செல்வதைப் பெருந்தொண்டெனப் போற்றுவோர் உளர். அப்போற்றுதல் தகுமா என்பது ஆராயற்பாலது.

மலையகப் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கிற்று. 2005இல் பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றது. தன் மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தின் விரிவுரையை விளங்கிக்கொள்வதற்கே தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் தேவைப்படுகின்றது. ஆங்கிலம் துரையின் கட்டளைமொழியாக ஒலித்த மலையகத்தில், அம்மொழியையே தொழிலாளரின் துயர் கூறும் கவிதைமொழியாக்கியவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் பாராளுமன்றம் சென்ற அத்தொழிற்சங்கவாதியின் கையில் ஆங்கிலம் அடிமைத்தனத்தின் அடையாளமாக இருக்கவில்லை. ஆகவே ஈண்டு எழும் எதிர்ப்பு ஆங்கிலத்துக்கு எதிரானதன்று. இத்துணை இன்றியமையாத கல்வியை வழிப்போக்கர் கையில் ஒப்படைத்துவிட்டு, கடமை முடிந்தது எனக் கருதும் மனப்பான்மைக்கே எதிரானது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவரே அதனைக் கற்பிக்க மிகவும் தகுந்தவர் என்பர் சிலர். 1961இல் உகண்டாவின் மக்கரேரேயில் நடைபெற்ற பொதுநலவாய மாநாட்டுடன் இக்கொள்கையைத் தொடர்புபடுத்தி, அது ஒரு பொய்க்கோட்பாடு என 1992இல் றொபேட் பிலிப்சன் எடுத்துக்காட்டினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வெளிவந்த தமது நூலில், அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் யாழ்ப்பாண மாணவர் கிறுக்கிய படங்களையும் குறிப்புகளையுமே சான்றாகக் கொண்டு ஆராய்ந்தார். தமது வாழ்வோடு ஒட்டாத பாடத்தை மாணவர் வாய்மூடி ஏற்பதில்லை என்பதற்கு அக்கிறுக்கல்களே சாட்சி.

வகுப்பறைக்குள் சென்று நோக்கின் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். ‘அவன் மாணவன்’ என்னும் தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. ஆகவே தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதுங்கால் ‘இஸ்’ என்னும் சொல்லை விட்டுவிடுவது இயல்பு. தமிழறிந்த ஆசிரியர் பிழையின் வேரை உடனே காண்பார். இரு மொழிகளையும் அருகருகே வைத்து விளக்குவார். தமிழறியாத பயணியோ பிழையைத் திருத்துவார். அதன் காரணத்தை அறியார். அவர் சென்றபின் வரும் அடுத்தவர், பிள்ளைகள் எங்கு நின்றனர் என அறியாமல் மீண்டும் நிறங்களின் பெயரிலும் விலங்குகளின் பெயரிலும் தொடங்குவார். ஆண்டு முழுவதும் தொடக்கமே நடைபெறும்; கல்வி நடைபெறாது.

“ஒன்றுமே இல்லாதிருப்பதினும் இது மேலன்றோ?” எனக் கேட்கலாம். நோயாளிக்கு மருத்துவர் இல்லையென்று சுற்றுலாப் பயணியின் கையில் ஊசியைக் கொடுப்பார் இல்லை. தோட்டத்துப் பிள்ளையின் கல்வியில் மட்டும் எவரும் ஆசிரியர் ஆகலாம் என்பது, அப்பிள்ளைக்கு அதுவே போதும் என்னும் பழைய துரைத்தன எண்ணத்தின் எச்சமேயாகும். துரைமாரின் பொறுப்பிலிருந்த தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசின் கைக்கு வந்தன. அப்பாடசாலைகளுக்கு நிலையான ஆங்கில ஆசிரியர் கேட்பது உரிமை. விருந்தினர் வருகைக்கு நன்றி கூறி அமைவது அவ்வுரிமையைக் கைவிடுவதாகும்.

நிலைத்து நின்று கேட்கும் குரல் இல்லாவிடின் என்ன நேரும் என்பதற்கு மீரியபெத்த சான்று. கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அத்தோட்டத்தின் லயங்கள் 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மண்சரிவிற் புதைந்தன. 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர்தப்பினர். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடுமில்லை, பெற்றோருமில்லை. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கையைச் செயலாக்கும் பொறுப்பு தொழிலாளருடையதன்று, அதிகாரம் உடையோருடையது. எனினும் அவ்வதிகாரத்தை உலுக்குவதற்கு, அறிக்கையைப் படித்து, மனு எழுதி, மறுமொழி வரும்வரை அலுவலக வாயிலை விட்டகலாத கல்வியாளர் தோட்டத்துக்குள்ளேயே வேண்டும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் அவர்க்குக் கருவிகள். அத்தகையோரை இருவார வகுப்பு உருவாக்காது.

பயணிகள் வரவே கூடாது என்பதன்று வாதம். அமெரிக்க அமைதிப் படையினர் 1998 வரை இந்நாட்டிற் கற்பித்தனர். அவ்வமைப்பின் தொண்டர்கள் உள்ளூர் மொழியிற் பயிற்சி பெற்று, ஏறத்தாழ ஈராண்டு பணியாற்றும் நியதி உடையவர்கள். வருவோர்க்கு அதுவே குறைந்தபட்ச அளவாகட்டும். அதற்குக் குறைந்த காலம் தங்குவோர், பிள்ளைகளை விடுத்துத் தோட்ட ஆசிரியரோடு ஆங்கிலம் உரையாடி அவர்தம் திறனைப் பெருக்கட்டும். வகுப்பு ஆசிரியருடையதாகவே இருக்கட்டும்.

இறுதியாக, இக்குற்றச்சாட்டு வெளிநாட்டார்மீது மட்டும் சாரத்தக்கதன்று. லயத்திற் பிறந்து, பெற்றோர் பறித்த கொழுந்தின் கூலியிற் படித்து, பல்கலைக்கழகம் புகுந்து, பட்டம் பெற்றதும் கொழும்புக்குச் சென்று, பின் தீபாவளிக்கு மட்டும் மலையேறும் பட்டதாரியும் வழிப்போக்கரே. எல்லவுக்கு வரும் வெள்ளைக்கார இளைஞனுக்கு அம்மலையோடு உறவில்லை, ஆகவே கடனுமில்லை. மலையகத்துப் பட்டதாரிக்கு இரண்டும் உண்டு. பயணியின் இருவாரத் தொண்டை எள்ளி நகையாடும் மாணவர், பட்டம் பெற்றபின் தம் தோட்டத்துப் பாடசாலைக்கு எத்தனை ஆண்டு கொடுக்கப்போகின்றார் என்பதற்கும் விடை கூறுதல் வேண்டும்.