பரண்மீது இருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி



பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர், பூர்விக வீட்டைப் பாகம் பிரிக்கச் செல்லுங்கால், பரண்மீது பாட்டனார் காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று அகப்படுவதுண்டு. அதன் பிறப்பையும் வயதையும் அறிவது எங்ஙனம்?

முதற்கண், பழகியவர் ஒருவரைக் கொண்டு உள்ளே தோட்டா இல்லையென உறுதி செய்துகொள்க. மேற்புறம் பொறித்த பெயரைக் கண்டு மயங்கற்க. புகழ்பெற்ற ஆங்கிலக் கம்பெனிகளின் பெயரைச் சற்றே திரித்துப் பொறித்த மலிவுத் துப்பாக்கிகள் பெல்ஜியத்தில் மிகுதியாகச் செய்யப்பட்டன. குழலைக் கழற்றி அடிப்புற முத்திரைகளைப் பார்த்தல் வேண்டும். நீள்வட்டத்துள் ‘ஈ.எல்.ஜி.’ என்றிருப்பின் அது பெல்ஜியத்து லியேஜ் நகர முத்திரை. இங்கிலாந்திலோ, மிகை மருந்திட்டுச் சுட்டுத் தேறிய குழலுக்கே லண்டன், பர்மிங்ஹாம் சோதனைச்சாலைகள் முத்திரை இட்டன. ‘நாட் பார் பால்’, அதாவது தனிக் குண்டுக்கு ஆகாது என்ற சொற்கள் காணின், அது 1875க்கும் 1887க்கும் இடையே முத்திரை பெற்றது. ‘சோக்’ என்றிருப்பின் அதற்குப் பிந்தியது.

குழலின்மேல் நீரலை போன்ற வரிகள் தெரிகின்றனவா? அஃது இரும்பையும் எஃகையும் முறுக்கி இணைத்த ‘டமாஸ்கஸ்’ குழல், கரிமருந்துக் காலத்தது. இக்காலப் புகையில்லா மருந்தின் அழுத்தத்தால் அது வெடித்து, தாங்கிய கையைச் சிதைக்கக்கூடும். மேலும், பழைய 12 போர் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 2½ அங்குலமே. 2¾ அங்குலத் தோட்டா அதனுள் நுழைந்துவிடும். ஆயினும் சுடுங்கால் அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் மிகும்.

“படுக்கைச் சுருளில் வைத்துக் கொண்டு வந்துவிடலாமா?” என்று ரயில்வே ஊழியனாகிய என்னிடம் ஓர் அன்பர் வினவினார். கூடவே கூடாது. லைசென்சு இன்றி எடுத்துச் செல்வது குற்றம். பழம்பொருளுக்கு லைசென்சு வேண்டா என்பதும் பிழையான எண்ணமே. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிப்பது, பழுது பார்த்தாலும் சுடவியலாத பழங்கருவிக்கு மட்டுமே.

உரியவர் காலமானபின், வாரிசு அதனைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்சு பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது பெறுக. பின்னர்த் தம் பெயருக்கு லைசென்சு கோரி மனுச் செய்க. சேகரிக்கும் ஆர்வமுடையோர், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே அனுமதி என்பதையும் நினைவிற் கொள்க.

பாட்டனார் விட்டுச் சென்ற பொருள் பேரனுக்கு வழக்காக வந்து முடிய வேண்டா.