பூங்காவும் புரோகிதனும்

தான் மறைந்த பின் தன் நிலத்தில் தாவரவியல் பூங்கா ஒன்று நிலைத்து நிற்கவேண்டும், அது பொதுமக்களுக்குப் பயன்படவேண்டும் என்று இங்கிலாந்தில் ஒருவர் உயில் எழுதிவைத்தார். வழக்கு மன்றம் ஏறிற்று. 1801 இல் எல்டன் பிரபு தீர்ப்பளித்தார்: பூங்கா பொது நன்மைக்குரியது, எனவே அறக்கொடை, அறக்கொடை என்பதனாலேயே செல்லாது!

அறமாகையால் செல்லாதாம்! கேட்டீர்களா தோழர்களே, இந்த விந்தையை?

விந்தைக்கு வேர் 1736 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. நிலத்தை அறத்திற்குத் தருவோர், சாவதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே இரு சாட்சிகள் அறியப் பத்திரம் எழுதி, ஆறு மாதத்திற்குள் பதிவும் செய்துவிடவேண்டும். உயிலால் தர இயலாது. ஏன்? மரணப் படுக்கையருகே மோட்சம் பேசி நிலத்தை வளைத்துக்கொள்ளும் பாதிரிகளிடம் அச்சம். அந்த அச்சத்தில் நியாயமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். அந்தக் கலையில் கைதேர்ந்தவர்களை நம் நாட்டிலும் அறிவோம். ஆனால், எலிக்கு வைத்த பொறியில் கிளியல்லவா அகப்பட்டது! ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு விலக்களித்தார்கள், பிரபுக்களின் பிள்ளைகள் பயின்ற இடங்களாயிற்றே! ஊரார் உலவும் பூங்காவுக்கு அந்தச் சலுகை இல்லை.

வெள்ளையன் அந்தப் பொறியை இங்கும் கொண்டுவந்தான். 1865 ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் நுழைந்தது, 1925 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118 ஆம் பிரிவாயிற்று. உடன்பிறந்தாரின் பிள்ளையோ அதனினும் நெருங்கிய உறவோ உள்ளவர், ஓராண்டுக்கு முன்பே எழுதி, ஆறு மாதத்திற்குள் உரிய இடத்தில் ஒப்படைத்த உயிலால் அன்றி அறத்திற்கோ மதத்திற்கோ எதுவும் தரலாகாது. செல்லாத கொடைகளுக்குச் சட்டமே எடுத்துக்காட்டுத் தருகிறது: ஏழைக்கு உதவி, மருத்துவமனை, பள்ளி, பாலம், சாலை, மாதா கோயில், அந்த வரிசையிலே, பொதுப் பூந்தோட்டம்!

இந்துவின் உயிலையும் முஸ்லிமின் உயிலையும் இப்பிரிவு தீண்டவில்லை. கிறித்தவர் உயிலைக் கட்டிற்று. நீலகிரியில் அடுத்தடுத்த நிலத்துக்காரர் இருவர், உதகைப் பூங்காவுக்குத் தம் மண்ணை எழுதிவைத்துப் பதினோராம் மாதம் கண்மூடுகின்றனர் என்று கொள்வோம். இந்துவின் கொடை செல்லும். அண்ணன் மகனுடைய கிறித்தவரின் கொடை செல்லாது. செடி மதம் பார்த்தா வேர்விடுகிறது? ஏமாற்றி எழுதி வாங்கியிருந்தால் அதை மெய்ப்பித்து உயிலை முறிக்க வேறு வழி சட்டத்தில் உண்டே! நாள்காட்டியா நீதிபதி? எமன் என்ன, பன்னிரண்டு மாதம் தவணை தந்துவிட்டா வருகிறான்? (எமனை நாம் நம்பவில்லை, சட்டம் இயற்றியோர் நம்பினர் போலும்!)

பெற்ற தாயகமே 1891 இல் இதனைத் தளர்த்தி, 1960 இல் அடியோடு ஒழித்தது. இங்கோ மேலும் 43 ஆண்டுகள் கட்டிக் காத்தோம். 2003 இல்தான் உச்சநீதிமன்றம் 118 ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு மாறானது என்று வீழ்த்தியது. பாராளுமன்றம் தானே முன்வந்து நீக்கவில்லை. வழக்குத் தொடுத்தோரில் ஒருவர் கேரளத்துப் பாதிரியார்! பாதிரியைத் தடுக்கப் பிறந்த சட்டத்தை முறிக்கப் பாதிரியே படியேறும்வரை, பகுத்தறிவு பேசும் நாம் எங்கே இருந்தோம்?